சீட்டில் அடங்கிய பூமியும் சீட்டில் அடங்காத தீவுகளும்



போர்ட் பிளேயர் என்று நெடுங்காலம் வழங்கப்பெற்று, 2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் பெற்றிருக்கும் இந்தத் தலைநகரில், கடலைத் தாண்டி வந்து தமிழை மறவாமல் வாழும் மக்கள் முன்னிலையில், பழைய பூகோளச் சீட்டுகளின் சித்திரங்களை எங்ஙனம் பார்த்து அறிவது என்னும் பொருள் பற்றிப் பேச எனக்கு வாய்ப்பளித்திருக்கிறீர்கள். சீட்டு என்ற சொல் காதில் விழுந்ததும் தாய்மார்கள் சிலர் முகம் சுளிப்பதைக் காண்கிறேன். அது நியாயமே, சீட்டு குடித்தனத்தைக் கெடுத்த கதை நம் ஊர்களில் ஒன்றிரண்டு அல்ல. ஆயினும் இன்று நான் பேச வந்தது ஆட்டத்தைப் பற்றியன்று. ராஜாவும் ராணியும் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நாட்டின் கரையும் ஆறும் சாலையும் எழுதப்பட்ட சீட்டுகள் முந்நூறு, நானூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் அச்சாயின. அந்தச் சிறு காகிதத்தின் மீது, உள்ளங்கையில் அடங்கும் அந்தத் துண்டின் மீது, பூமி முழுவதையும் வரைய முற்பட்டவர்கள் எதைப் பெரிதென்று எண்ணினார்கள், எதைச் சிறிதென்று எண்ணினார்கள், எதனை எண்ணவே மறந்தார்கள் என்பதைப் பற்றியே பேசப் போகிறேன்.

அன்பர்களே! பூகோளச் சீட்டு என்பது இரண்டு சாதிப் பொருள்களின் கலப்பு. தேசப்படம் ஒரு சாதி. ஆட்டச் சீட்டு இன்னொரு சாதி. தேசப்படத்தில் ஒவ்வோர் ஊரும் தன் அண்டை ஊரை ஒட்டியே இருக்க வேண்டும். அதுவே அதன் தர்மம். சீட்டுக்கட்டிலோ ஒவ்வொரு சீட்டும் மற்றொன்றினின்றும் பிரிந்து, கலைந்து, எவர் கைக்கும் போகக்கூடியதாக இருக்க வேண்டும்; அது இதன் தர்மம். தேசப்படத்தில் நிலங்களுக்குள் உயர்வு தாழ்வு கிடையாது. சீட்டுக்கட்டிலோ உயர்வு தாழ்வு இல்லாமல் ஒரு கை ஆடவும் முடியாது. இந்த இரண்டு தர்மங்களும் ஒரே காகிதத்தில் மோதும்போது சித்திரக்காரன் என்ன செய்தான்? அதைக் கூர்ந்து பார்ப்பதுதான் இந்தச் சீட்டுகளை வாசிக்கும் வித்தை.

1590ஆம் ஆண்டுக்குச் செல்வோம். இங்கிலாந்தில் எலிசபெத் மகாராணி ஆண்ட காலம். கிறிஸ்டோபர் சாக்ஸ்டன் என்பவர் நாடு முழுவதையும் அளந்து எழுதிய படநூல் வெளிவந்து பதினோரு ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்தச் சமயத்தில் வில்லியம் போஸ் என்பவர் ஓர் அதிசயத்தைக் கவனித்தார். இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாகச் சேர்த்து மாவட்டங்கள் 52. சீட்டுக்கட்டில் சீட்டுகளும் 52! வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று நாட்டை நான்கு கூறாக்கி, கூறுக்குப் பதின்மூன்றாகப் பகுத்து, ஒரு சீட்டுக்கு ஒரு மாவட்டம் என்று அச்சிட்டுவிட்டார். மேலே மாவட்டத்தின் அளவு. நடுவில் சிறு படம். கீழே அதன் விளைபொருளும் எல்லைகளும்.

எல்லைகளை ஏன் சொல்லால் எழுத வேண்டும்? படத்திலேயே எல்லை தெரியாதோ என்று கேட்கலாம். கட்டைக் கலைத்துப் போட்ட மறுகணமே வடகோடி மாவட்டம் தென்கோடி மாவட்டத்தின் பக்கத்தில் வந்து விழும். அண்டை வீடு காணாமற் போகும். ஆகையால்தான், தன் அண்டையில் இருப்பவர் இன்னார் என்பதை ஒவ்வொரு சீட்டும் தானே வாய்விட்டுச் சொல்ல வேண்டியதாயிற்று. ஆட்டம் பிரித்ததை எழுத்து சேர்த்துவைத்தது.

இனி அவர் கொடுத்த எண்களைப் பாருங்கள். ஒவ்வொரு கூறிலும் மிகச் சிறிய மாவட்டத்துக்கு ஒன்று. மிகப் பெரிய மாவட்டத்துக்குப் பதின்மூன்று. நிலப்பரப்பே மதிப்பு என்பது அவருடைய சித்தாந்தம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு உங்களை வேண்டிக்கொள்கிறேன். நம் தீவுகளுக்குத் திரும்பும்போது இந்தச் சித்தாந்தம் எங்கே முறிகிறது என்று காட்டுகிறேன்.

எண்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 1676இல், ராபர்ட் மோர்டன் என்ற பட வியாபாரி இதே எண்ணத்தை இன்னும் நயமாக நிறைவேற்றினார். அவருடைய சீட்டு மூன்று அடுக்காக அமைந்தது. மேலடுக்கில் மாவட்டத்தின் பெயரும் சீட்டின் இனமும் எண்ணும். நடு அடுக்கில் படம். கீழ் அடுக்கில் நீளம், அகலம், சுற்றளவு, லண்டனிலிருந்து தூரம். ராஜா சீட்டில் அன்று ஆண்ட இரண்டாம் சார்லஸின் முகம். ராணி சீட்டில் அவர் மனைவி காதரீனின் முகம். ஜான் ஓகில்பி அதற்கு முந்திய ஆண்டுதான் நாட்டுச் சாலைகளை அளந்து பெரும் புத்தகமாக வெளியிட்டிருந்தார். அந்தச் சாலைகள் அதற்குள் மோர்டனின் சீட்டுகளில் வந்துவிட்டன. ராஜாவின் தலை மேலே, சாலை நடுவே, லண்டனிலிருந்து தூரம் கீழே! இந்த மூன்றையும் ஒரு நூலில் கோத்துப் பாருங்கள். நாட்டின் எந்த மூலையும் தலைநகரத்திலிருந்து எவ்வளவு தொலைவு என்பதாலேயே அளக்கப்படுகிறது. அந்த மூலைக்குச் செல்ல ராஜபாட்டை இருக்கிறது. அந்தப் பாட்டையின் மேல் அரசன் பார்வை இருக்கிறது. விளையாட்டுச் சாமானில் ஓர் ஆட்சியின் தத்துவமே அடங்கியிருக்கிறது.

பெரிய யார்க்‌ஷயரும் அதே கட்டத்துக்குள் சுருங்கியது. சிறிய ரட்லண்டும் அதே கட்டத்துக்குள் வீங்கியது. சட்டம் ஒன்றே, சட்டத்துக்குள் இருப்பது மட்டும் வேறு. கண்ணுக்கு எல்லா மாவட்டமும் சரிசமம். மூலையில் உள்ள எண்ணைப் பார்த்தால்தான் ஏற்றத்தாழ்வு தெரியும். பழைய பூகோளச் சீட்டு ஒன்று கையில் கிடைத்தால், நடுவிலுள்ள படத்தை முதலில் பார்க்காதீர்கள் என்று இளைஞர்களுக்குச் சொல்லுவேன். முதலில் மூலைகளைப் பாருங்கள். வரைந்தவன் நிலத்தைப் பற்றி அறிந்தது நடுவில் இருக்கும். நிலத்தைப் பற்றி அவன் எண்ணியது மூலைகளில் இருக்கும். மோர்டனின் தகடுகளே பின்னர்ச் சீட்டுக் குறிகள் நீக்கப்பட்டுச் சட்டைப்பைக்கான படநூலாக விற்பனையாயின. மூலைக்குறி போனவுடன் சீட்டு மீண்டும் தேசப்படமாகிவிட்டது! அந்தச் சிறு குறிக்கு அவ்வளவு வலிமை.

இங்கிலாந்தை மட்டுமே சொல்லிக்கொண்டிருப்பது முறையன்று. பிரான்சு தேசத்தில் 1644இல், பதினான்காம் லூயி ஆறு வயதுப் பாலகனாகச் சிம்மாசனத்தில் இருந்தபோது, அவனுக்குப் பாடம் புகட்டும் பொருட்டு முதன்மை மந்திரியாயிருந்த கார்டினல் மசாரேன் நான்கு சீட்டுக்கட்டுகளைச் செய்வித்தார். சொற்களை எழுதியவர் தெமாரே. சித்திரங்களைப் பொறித்தவர் இத்தாலியரான ஸ்தெபானோ தெல்லா பெல்லா. அவற்றுள் ஒரு கட்டு பூகோளத்துக்குரியது. அதிலே நாடுகள் கரைக்கோடுகளாக வரவில்லை. மனித உருவங்களாக வந்தன. ஒவ்வொரு நாடும் தனக்குரிய உடையணிந்து நிற்கும் ஓர் உருவம். கீழே சில வரி வர்ணனை. இந்துஸ்தானத்துக்கும் ஒரு சீட்டு உண்டு. நிலத்தை மனிதனாக்கியது அழகுதான். ஆனால் ஒரு சீட்டில் ஒருவர்தானே நிற்க முடியும்? கோடானுகோடி மக்களுக்கும் அந்த ஒற்றை உடையே உடையாகிவிட்டது. படித்தவன் ஆறு வயதுக் குழந்தை. அவனோ பின்னாளில் ஐரோப்பாவின் மிக வலிய அரசன். குழந்தைப் பருவத்தில் கையில் பிடித்த சித்திரம் எவ்வளவு காலம் மனத்தில் நிற்கும் என்பதைப் பெற்றோர்களாகிய நீங்களே அறிவீர்கள்.

ஹென்றி வின்ஸ்டன்லி என்பவரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் என்னால் மேலே செல்ல முடியவில்லை. 1675ஐ ஒட்டி அவர் பொறித்த பூகோளச் சீட்டுகளில் வழக்கமான நான்கு இனங்களுக்குப் பதில் ஐரோப்பாவுக்கு ரோஜா மலரும், ஆசியாவுக்குச் சூரியனும், ஆப்பிரிக்காவுக்குச் சந்திரனும், அமெரிக்காவுக்கு நட்சத்திரமும் குறிகளாக அமைந்தன. மற்ற மூன்று கண்டங்களும் வானத்தில் இருக்க, ஐரோப்பா ஒன்றுமட்டும் தோட்டத்தில் மலர்ந்திருக்கிறது! வரைந்தவன் தன் கையால் நட்டு வளர்க்கும் மலரைத் தன் நிலத்துக்கு வைத்துக்கொண்டான். கண்ணால் காணக்கூடிய, கையால் தொட முடியாத ஒளிகளைப் பிறர் நிலங்களுக்கு வைத்தான். இதை அவமதிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். தூரத்தின் மொழி என்று சொல்லுவேன். அந்த மனிதர் பின்னாளில் எடிஸ்டோன் பாறையின்மீது முதல் கலங்கரை விளக்கத்தைக் கட்டி, 1703ஆம் ஆண்டின் பெரும்புயலில் அந்த விளக்கத்தோடேயே கடலுக்கு இரையானார்.

நம் தேசத்தில் இவ்வகைச் சிந்தனை இருந்ததில்லையா? இருந்தது. அக்பரின் அவையில் இருந்த அபுல் பஸல் எழுதிய அயினி அக்பரியில் பன்னிரண்டு இனங்களும் நூற்று நாற்பத்து நான்கு சீட்டுகளும் கொண்ட கஞ்சிபாக் கட்டு வர்ணிக்கப்பட்டிருக்கிறது. அசுவபதி, கஜபதி, நரபதி என்று தொடங்கும் அந்தப் பன்னிருவரில் நவபதி என்பவர் ஒருவர்: கப்பல்களுக்கு அதிபதி, கப்பலிலேயே சிம்மாசனம் இட்டு அமர்ந்தவர். வனத்துக்கு ஒரு பதி, சர்ப்பங்களுக்கு ஒரு பதி, தேவர்க்கு ஒருவர், அசுரர்க்கு ஒருவர். அங்கே கரைக்கோடு இல்லை. தூர அளவும் இல்லை. எனினும் உலகம் எத்தனை வகை வலிமைகளால் ஆனது என்பதை அந்தச் சீட்டுகள் வகுத்துக் காட்டின. பின்னர் மைசூரில் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் முந்நூற்றறுபது சீட்டுகள் வரை விரியும் கட்டுகளை வகுத்தார். ஐரோப்பியன் உலகத்தை நிலமாகப் பங்கிட்டான். நம்மவன் உலகத்தைச் சக்தியாகப் பங்கிட்டான். கடலும் ஒரு சக்தி என்று பெருமையோடு தனி இனம் அளித்த அந்த நவபதிச் சீட்டு, கடல் சூழ வாழும் உங்களுக்கு உவப்பாக இருக்கும் என்று நம்புகிறேன்.

இப்பொழுது, அன்பர்களே, இந்தத் தீவுகளுக்கு வருவோம்! ராஜாவின் தலை எங்கே வைப்பது? தலைநகரிலிருந்து தூரத்தை எங்கிருந்து அளப்பது? கோட்டையில்லை, கொத்தளமில்லை, முடிசூடிய மன்னனில்லை; நாட்டுக்கு ஒரு சீட்டு என்று பகுத்தவன் கண்ணில் அந்தமானும் நிக்கோபாரும் எங்ஙனம் பட்டிருக்கும்? பட்டபோதும் எப்படிப் பட்டது என்பதற்குப் பாரிஸ் நகரின் தேசிய நூலகத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. மார்கோ போலோவின் நூலில் அந்தமான் மக்கள் நாய்முகம் உடையவர்கள் என்று எழுதியிருக்கிறது. 1410ஐ ஒட்டிப் பர்கண்டியின் பிரபுவுக்காக ஓர் ஏடு எழுதப்பட்டபோது, அந்தச் சொல்லைச் சித்திரக்காரர்கள் அப்படியே எடுத்துக்கொண்டு வரைந்தார்கள்: நாய்த்தலை கொண்ட மனிதர்கள், நல்ல ஐரோப்பிய அங்கிகள் அணிந்து, மூட்டைகளுக்கு நடுவே நின்று, கண்ணியமாக வியாபாரம் பேசுகிறார்கள்!

அந்தச் சித்திரத்தைக் கண்டு நகைத்துவிட்டுப் போவது எளிது. ஆனால் கூர்ந்து பாருங்கள். தலையை எழுதியது வதந்தி. உடம்பை எழுதியது சித்திரக்காரனின் சொந்தத் தெரு. தான் காணாத மனிதனுக்குத் தன் ஊர்ச் சந்தையின் உடையை உடுத்தி, தன் ஊர் வியாபாரியின் கைச்சைகையைக் கொடுத்து வரைந்திருக்கிறான் அவன். தலை அந்நியம், கை பழக்கம். முகத்தில் அச்சத்தை எழுதியவன், கையில் கொடுக்கல் வாங்கலை எழுதாமல் இருக்க முடியவில்லை. ஏனென்றால் தீவுகளைப் பற்றி வெளியுலகம் உண்மையாக அறிந்திருந்தது அந்தக் கொடுக்கல் வாங்கல் ஒன்றுதான். ஏழாம் நூற்றாண்டில் இவ்வழியே பிரயாணம் செய்த சீன யாத்திரிகர் இ-சிங், நிக்கோபாராகக் கருதப்படும் தீவில் மக்கள் ஓடங்களில் தேங்காயும் வாழையும் கொணர்ந்து இரும்பையே விரும்பிக் கேட்டதாகவும், இரண்டு விரல் அளவு இரும்புக்கு ஐந்து பத்துத் தேங்காய் தந்ததாகவும் எழுதியிருக்கிறார்.

நம் தமிழ் மரபு இத்தீவுகளை எவ்வாறு குறித்தது? 1025ஆம் ஆண்டின் கடற்படையெடுப்பைப் பேசும் ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதில் ஸ்ரீ விஜயத்திலிருந்து தொடங்கி வென்ற இடங்கள் வரிசையாக வருகின்றன; நிக்கோபாரைக் குறிக்கும் மாநக்கவாரமும் வருகிறது. அந்த வரிசையின் அமைப்பைக் கவனியுங்கள். ஓர் ஊருக்கு ஓர் அடைமொழி. ஒன்றுக்கு வாயில், ஒன்றுக்கு நீர்த்துறை, ஒன்றுக்குக் கோட்டை, மாநக்கவாரத்துக்குத் தேன் நிறைந்த பெரும்பொழில். பெயர் ஒன்று, அடையாளம் ஒன்று, அத்தோடு அடுத்த ஊர். சீட்டுக்கட்டின் இலக்கணமே இது! தீவின் மக்களைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை; சோலை மட்டும் இருக்கிறது. சோழனுடைய புலவனும் கடலின் மறுகரையில் நின்றே எழுதினான் என்பதை, தமிழன் என்ற பெருமிதத்தோடேயே நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பின்னர்த் தரங்கம்பாடியிலிருந்து டேனியர் வந்து நிக்கோபாருக்குத் தம் அரசன் பிரெடரிக்கின் பெயரைச் சூட்டினர். ஆஸ்திரியர் 1778இல் வந்தனர். அவர்களுடைய மகாராணி மரியா தெரேசாவின் பெயரைத் தெரஸா தீவு இன்றும் சுமக்கிறது. 1868இல் டேனியர் தம் உரிமையை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டனர். ஒரு கையிலிருந்து மறு கைக்கு! மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் மாறினார்கள். தீவில் வாழ்ந்தவனை எவரும் கேட்கவில்லை. 1788-89இல் லெப்டினன்ட் ஆர்ச்சிபால்ட் பிளேயர் அந்தமானை அளந்து எழுதிய கடற்படம் மாலுமிக்கு வேண்டிய படம். அதில் கரை நெடுக ஆழ அளவுகள், நங்கூரமிடத் தக்க துறைகள். கரைக்கு உள்ளே வெறுமை. உள்ளே காடும் மக்களும் இருந்தார்கள். காகிதத்தில் அவர்களுக்கு வேலையில்லை.

இதுவரை நான் சொன்னவை எல்லாம் வெளியிலிருந்து பார்த்தவர்களின் சித்திரங்கள். இனி உள்ளிருந்து பார்த்தவர்களின் சித்திரத்துக்கு வருகிறேன். என் சொற்பொழிவின் உயிர்நிலை இதுதான்; ஆகையால் சற்றுப் பொறுமையோடு கேட்க வேண்டுகிறேன்.

நான்கௌரி முதலிய நடு நிக்கோபார்த் தீவுகளில் ஹெந்தாகோய் என்றொரு சித்திரப் பலகை உண்டு. மரப்பலகையிலோ, பாக்கு இனத்து மரத்தின் பாளையை விரித்து எடுத்த பரப்பிலோ வண்ணம் தீட்டி எழுதுவார்கள். வீட்டில் ஒருவர் நோயுற்றபோது, மென்லுவானா எனப்படும் மந்திரவாதியின் சொற்படி அது செய்யப்பட்டு வீட்டில் வைக்கப்படும். தீய ஆவிகளை அகற்றி நன்மை தரும் காவல் அது. 1869 முதல் பல்லாண்டு இத்தீவுகளில் அதிகாரியாக இருந்த எட்வர்டு ஹோரஸ் மான் இத்தகைய பொருள்களைச் சேகரித்து, அவற்றைப் பற்றி விரிவாக எழுதினார். லண்டனிலும் ஆக்ஸ்போர்டிலும் உள்ள அருங்காட்சியகங்களுக்கு அவர் சேகரிப்புகள் சென்று சேர்ந்தன.

அந்தப் பலகையில் என்ன இருக்கிறது? மேலே சூரியன், மேலே சந்திரன். ஐரோப்பியக் கப்பல் தலைவனைப்போல் அங்கியும் தொப்பியும் அணிந்து நிற்கும் தேவுசே என்ற தெய்வ உருவம். அவனைச் சுற்றி அவனுடைய உடைமைகள்: கண்ணாடி, கரண்டி, கத்தி, நாற்காலி, மாலுமியின் திசைகாட்டி. பாய்மரம் விரித்த கப்பல்கள். அவற்றோடு ஹோடிகள் எனப்படும் தீவின் ஓடங்கள். வீடுகள், தென்னைகள், கைகோத்து ஆடும் மனிதர்கள். பன்றி, கோழி, பறவைகள். கீழே வரவர மீன்கள், ஆமை, முதலை, பாதி மனிதனும் பாதி மீனுமான உருவம்.

வானம் மேலே, மனிதன் நடுவே, கடல் கீழே. சபையோரே! இது தேசப்படம் அல்லவென்று யார் சொல்ல முடியும்? அடுக்கு அடுக்காக அமைந்த இந்த உலகத்தில் தீவு எங்கோ ஓரத்தில் இல்லை, நடுவில் இருக்கிறது. லண்டனும் கோபன்ஹேகனும் ஓரத்துக்குப் போய், ஒரு கப்பலாகவும் ஒரு தொப்பியாகவும் சுருங்கிவிட்டன. போலோவின் ஏட்டில் அந்தமானியனுக்கு நாய்த்தலை கிடைத்தது; ஹெந்தாகோயிலோ ஐரோப்பியனுக்குத் தொப்பி கிடைத்தது. இரண்டும் தூரத்துப் பார்வைகள்தாம். ஆயினும் தீவுக்காரன் தன் அந்நியனைக் கண்ணால் கண்டு எழுதினான். பொத்தான் எத்தனை வரிசை, பாய்மரம் எத்தனை, திசைகாட்டியின் முகத்தில் கோடுகள் எப்படி என்பதையெல்லாம் கரையில் நின்று உற்றுப் பார்த்த கண் அது.

இன்னொரு வேற்றுமையும் உண்டு. அதுவே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. சீட்டுக்கட்டு உலகத்தைத் துண்டாக்கிக் கலைக்கிறது. ஹெந்தாகோய் கிடைத்தவற்றையெல்லாம் ஒரே பலகையில் சேர்க்கிறது. சீட்டு ஒருவன் வெல்வதற்கும் மற்றவன் தோற்பதற்கும் உரியது. பலகையோ நோயாளி ஒருவன் பிழைத்தெழுவதற்கு உரியது. அந்நியனுடைய கப்பலும் கண்ணாடியும்கூட அங்கே நோயாளிக்குக் காவல் நிற்கின்றன. வெளியிலிருந்து வந்த வலிமையைத் தன் வீட்டுச் சுவருக்கு அழைத்துவந்து, தன் குழந்தைக்காக வேலை வாங்கிய அந்தக் கலைஞனின் துணிவை எண்ணும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது. அவன் பெயரை எந்தப் புத்தகமும் எழுதிவைக்கவில்லை.

போஸின் சித்தாந்தத்தை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? நிலம் பெரிதானால் எண் பெரிது என்றார் அவர். அந்தக் கணக்கை நிக்கோபாரில் போட்டுப் பாருங்கள். பெரிய நிக்கோபாருக்குப் பதின்மூன்று. சௌராவுக்கு மிகச் சிறிய எண்களுள் ஒன்றுதான் கிடைக்கும், ஏனெனில் சௌராவின் பரப்பு எட்டுச் சதுர கிலோமீட்டர் அளவே. ஆனால் தீவு மக்களின் மரபுப்படி மட்பாண்டம் வனையும் உரிமை சௌரா ஒன்றுக்கே இருந்தது. தெரஸா தீவிலிருந்து களிமண் ஓடத்தில் வந்தது. சௌராவின் பெண்கள் கையால் பானை வனைந்தார்கள். அந்தப் பானை மற்றத் தீவுகளுக்கெல்லாம் சென்றது. மந்திர சக்தியில் சௌராவுக்கு ஈடில்லை என்று அண்டைத் தீவார் அஞ்சி மதித்தார்கள். ஹோடி வாணிகத்திலும் அதன் வழியே சென்றார்கள். மண்ணே போதாத தீவு, மண்ணால் மதிப்புப் பெற்றது! தீவுக்காரன் கையில் சீட்டுக்கட்டு வகுக்கும் பணியைக் கொடுத்திருந்தால் சௌராவுக்கு என்ன எண் இட்டிருப்பான்? ராஜா சீட்டையே கொடுத்திருப்பான் என்பது என் துணிபு.

தேசப்படம் நிலையானது என்று எண்ணுகிறோம். அதையும் கடல் நமக்குத் திருத்திக் காட்டிவிட்டது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலையில் இந்திய நாட்டின் தென்கோடியான இந்திராமுனை நாலே கால் மீட்டர் அளவு தாழ்ந்தது. அங்கிருந்த கலங்கரை விளக்கம் நீருக்குள் நின்றது. டிரிங்கட் தீவு துண்டுகளாகப் பிளந்தது. வடக்கே அந்தமான் பக்கம் கரை உயர்ந்து, பவளப் பாறைகள் வெயிலில் வெளுத்துக் கிடந்தன. அன்று அச்சில் இருந்த தேசப்படங்கள் எல்லாம் அன்று மாலைக்குள் பழைய சித்திரங்கள் ஆகிவிட்டன. உறவை இழந்தவர்கள் இந்தச் சபையிலும் இருக்கலாம். அவர்கள் முன் அந்தக் காலையைப் பற்றி நான் மேலும் பேசத் துணியேன்.

பெயர்களும் அவ்வாறே மாறின. ரோஸ் தீவு, நீல் தீவு, ஹாவ்லாக் தீவு என்று நாம் சொல்லிப் பழகியவை 2018இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு, ஷஹீத் தீவு, சுவராஜ் தீவு ஆயின. 2023 ஜனவரியில் இருபத்தொரு தீவுகள் பரமவீர சக்கரம் பெற்ற வீரர்களின் பெயரைப் பெற்றன. சீட்டின் மேலடுக்கு மாறிக்கொண்டே இருக்கிறது. நடு அடுக்கை நாம் எப்பொழுது எழுதப் போகிறோம்?

ஆகையால் இந்த ஊர்ப் பள்ளிகளின் ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். நம் பிள்ளைகளைக் கொண்டு இத்தீவுகளுக்கென ஒரு சீட்டுக்கட்டு எழுதச் செய்யுங்கள். ஆட்டின், டைமன், கிளாவர், இஸ்பேட் வேண்டாம். தென்னை, தாழை, படாக் மரம், ஹோடி என்று நான்கு இனங்கள் போதும். மக்கள் வாழும் தீவுகள் முப்பத்தொன்று என்கிறார்கள். மற்றச் சீட்டுகளுக்கு ஊர்களை எடுத்துக்கொள்ளுங்கள். மாயாபந்தருக்கு 1925இல் பர்மாவிலிருந்து வந்த கரேன் மக்கள் இருக்கிறார்கள். டிக்லிப்பூரில் வங்காளத்திலிருந்து வந்த அகதிகளின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். கட்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் இலங்கையிலிருந்து திரும்பிய நம் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. கேம்பல் விரிகுடாவில் படையிலிருந்து ஓய்வுபெற்று வந்தவர்களின் வீடுகள் இருக்கின்றன. எண் இடும்போது பரப்பைப் பார்க்காதீர்கள். அந்தந்த ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு இடுங்கள். கீழடுக்கில் லண்டனிலிருந்து தூரம் வேண்டாம், டில்லியிலிருந்து தூரமும் வேண்டாம். அடுத்த தீவுக்கு ஹோடியில் எத்தனை நாழிகை என்று எழுதுங்கள். சுற்றெல்லையை மட்டும் வில்லியம் போஸ் எழுதியதுபோலவே சொல்லால் எழுதிவிடுங்கள். கட்டு கலைந்தாலும் அண்டைத் தீவு மறந்துபோகாது.

வட சென்டினல் தீவுக்கு என்ன சீட்டு என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். அத்தீவின் மக்கள் வெளியார் வரவை விரும்பவில்லை என்பதைத் தெளிவாகக் காட்டிவிட்டார்கள். 1956ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு விதியும் அவர்களைக் காக்கிறது. பிளேயரின் கடற்படத்தில் இருந்த வெறுமை, உள்ளே இருப்பவர்களைப் பொருட்படுத்தாத வெறுமை. இந்தச் சீட்டில் நாம் விடப்போகும் வெறுமை, உள்ளே இருப்பவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்ட வெறுமையாக இருக்கட்டும். கரைக்கோடு ஒன்றைப் போட்டு, மூலையில் எண் இடாமல் விட்டுவிடச் சொல்லுங்கள். ஏன் எண் இல்லை என்று எந்தப் பிள்ளையாவது கேட்டால், அன்றைய பாடத்தை நிறுத்திவிட்டு அதற்கு விடை சொல்லுங்கள்.

தாளும் வண்ணமும் வாங்கும் செலவில் என்னால் இயன்றதை நான் தருகிறேன். முதற்சீட்டாகச் சௌராவை எடுத்துக்கொள்ளலாம்.